பெண் பந்தலுக்கு வரும்போது போட்ட பாட்டு

எனக்குக் கைநாட்டுதான். ஆடி மாதத்துக்கு அழைத்து வந்த பேத்தி வீட்டில் சும்மா இருக்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் வூடு என்றால் அவள் வீடு என்று எழுதிக்கொள்கிறாள். எழுதட்டும். ஆள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன தையில் இவளுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் ஒரு பாட்டைப் போட வைக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். அவர் போட்ட பாட்டுதான். எவர் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. 'அவர் பாட்டு' என்றால் முடிந்தது. கல்யாணம், காதுகுத்து, டவுன் பஸ், டீக்கடை, எங்கே போனாலும் அவர்தான்.

எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். நான் பிறந்தது களமருதூர்ப் பக்கம். அது நெல் விளைகிற ஊர், எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையாக இருக்கும். கட்டிக்கொடுத்து இங்கே வந்தபோது மலையைப் பார்த்துப் பயந்தேன். ராத்திரியில் மேலே விழுந்துவிடுமோ என்று மாமியாரிடம் கேட்டேன். "உழுந்தா ஒம்மேல மட்டுமா உழும், தூங்கு" என்றாள். நல்ல மனுசி. அவள் கதை வேறு, அதை விடுகிறேன்.

நாங்கள் கூலிக்குப் போகிறவர்கள். மலைச் சரிவில் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டுவோம். எங்கள் யார் வீட்டிலும் அப்போது ரேடியோ கிடையாது. கீழே ஏதாவது ஊரில் விசேஷம் என்றால் புளியமரத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டுவார்கள், அது மேலே எங்களுக்குக் கேட்கும். காற்று மாறினால் பாட்டு பாதியில் காணாமல் போகும். நாங்கள் விடமாட்டோம். விட்ட இடத்திலிருந்து எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டே வெட்டுவோம். காற்று திரும்பி வந்து பாட்டு மறுபடி கேட்கும்போது, பாடுகிறவர் எங்கே இருக்கிறார், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்போம். பல நாள் நாங்கள் அவருக்கு முன்னாலேயே போயிருப்போம். பசி நேரம் இல்லையா.

எந்தப் பாட்டு எப்போது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க மைக்செட் கட்டியது கள்ளக்குறிச்சி பாய் ஒருத்தர்தான். முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து நாகூர் ஆண்டவர் மேல் ஒரு பாட்டு. அதை பாய் போடாமல் இருக்கமாட்டார், யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். அப்புறம் அவர் பாட்டுதான், ஒன்றன்பின் ஒன்றாக. கொல்லையில் நின்றே கல்யாணம் எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம். துள்ளல் பாட்டு வந்தால் பந்தி போட்டாயிற்று, களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடலாம். புல்லாங்குழலோடு ஆரம்பிக்கிற ஒரு பாட்டு வந்தால், பெண் கூறைப்புடவை கட்டிக்கொண்டு பந்தலுக்கு வருகிறாள் என்று அர்த்தம்.

அந்தப் பாட்டுதான் என் பாட்டு. என்னையும் அதைப் போட்டுத்தான் அழைத்து வந்தார்கள். பக்கத்து வீட்டில் புடவை கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு நடத்தினார்கள். நான் தலையைத் தூக்கவே இல்லை. மெழுகின தரை தெரிந்தது, யாரோ காலில் போட்ட மெட்டி தெரிந்தது, ஒரு கோழிக்குஞ்சு குறுக்கே ஓடியது. மாப்பிள்ளை முகம்கூட எனக்குத் தெரியாது. என் கல்யாணத்தை நான் காதால்தான் பார்த்தேன். அந்தக் குழல் ஊதிக்கொண்டே இருந்தது. என் மகன் கல்யாணத்துக்கும் அதையே போட வைத்தேன். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை. பேத்தியைக் கைக்குழந்தையிலிருந்து நான்தான் வளர்த்தேன். அதனால் இவளும் அந்தப் பாட்டோடுதான் பந்தலுக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அதைவிட்டால் வேறு எந்த ஆசையும் எனக்கு இந்தக் கல்யாணத்தில் இல்லை.

மாப்பிள்ளை வீடு திருக்கோவிலூர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஊரில்தான் கல்யாணம், மண்டபம் பார்ப்பதிலிருந்து பாட்டுப் போடுவது வரை அவர்கள் பொறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா கோயில் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு ஒற்றைப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். சிரித்த முகம், பேச்சு மட்டும் வெடுக்கென்று வரும். எனக்குப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று.

நிச்சயத்தன்று அவள் வீட்டில் சாப்பிட்டு முடித்துத் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தோம். யாரோ போனில் அவர் பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "அவுரு பாட்டுலயே எது ஒசத்தி, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்று கிளப்பிவிட்டார்.

"ரயில் பாட்டுதான்" என்றாள் சம்பந்தி. யோசிக்கவே இல்லை. ரயில் ஓடுகிற மாதிரியே மேளம் வரும், அந்தப் பாட்டில்.

"எனுக்கு ஆட்டுக்காரன் பாட்டு" என்றார் என் வீட்டுக்காரர். "அதுல ஆடே கத்தும்."

"ஆடு கத்தறதுக்கு அவுரு எதுக்கு? நம்ம வூட்டு ஆடே கத்துது" என்றேன்.

பேத்தி, "வயலின்ல மழ பேயற மாதிரி ஒண்ணு வருமே ஆயா, அது" என்றாள்.

"அதுல மழயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சளி புடிச்சவன் பாடறாப்ல கீது" என்றார் இவர்.

"தாத்தா, ஒனுக்கு காதுல பஞ்சு."

"பஞ்சு வெச்சிக்கினுதான் ஒங்க ஆயாகூட இத்தினி வருசம் குடும்பம் பண்ணேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இவர் தொடையில் ஒன்று வைத்துவிட்டு, என் பாட்டைச் சொன்னேன். சொன்னதோடு விடாமல், அந்தக் குழலை வாயாலேயே ஊதிக் காட்டினேன். "பொண்ணு மணவறைக்கு வரச்சொல்ல அதத்தான் போடணும் சம்மந்தி. எங்க வூட்டு வழக்கம்" என்றேன்.

சம்பந்தி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டாள். "அதுவா? அது சாவுப் பாட்டு."

"யார் சொன்னது?"

"படத்துல அப்டிதான். புருசன தூக்கிக்கினு போவாங்க, அவ வாசப்படில நிப்பா. எங்க ஊர்ல எளவு வூட்லதான் அத போடுவாங்க. கல்யாணத்துல போட்டா மண்டபமே எழுந்து பூடும் பெரியம்மா."

"எங்க ஊர்ல அதப் போட்டு எத்தினி பேரு தாலி கட்டிக்கினு நல்லாக்கீறாங்க தெரியுமா?"

"உங்க ஊரு வேற, எங்க ஊரு வேற. அது வேணாம். ரயில் பாட்டு போடலாம், கலகலன்னு இருக்கும். அவுரு பாட்டுலயே அதான் ஒசத்தி."

"ரயிலுக்கும் கல்யாணத்துக்கும் இன்னா சம்மந்தம்? பொண்ணு பந்தலுக்கு வருதா, டேசனுக்குப் போவுதா?"

அவள் சிரிக்கவில்லை. பேத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு அதோடு விட்டேன்.

பஸ்ஸில் வரும்போது பேத்தி போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். அதே குழல். அதே மேளம். ஆனால் ஒரு பாடை போகிறது, ஆற்றைத் தாண்டிப் போகிறது, வெள்ளை வேட்டி கட்டினவர்கள் பின்னால் போகிறார்கள். வாசற்படியில் ஒரு பொம்பளை நிற்கிறாள், வாயைத் திறக்கவில்லை. பாடுவது வேறு யாரோ. இத்தனை வருசமாக நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பாட்டில் வாசல் வரும், பூ வரும், மாலை வரும். புனல் ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்டது அவ்வளவுதான். கல்யாணத்திலும் அதெல்லாம் உண்டுதானே.

"ஆயா, இதப் போட்டா நான் பந்தலுக்கு வருவேன்னு நெனக்கிறியா?" என்றாள் பேத்தி.

"ஒங்க தாத்தா இன்னும் உசுரோடதானே கீறாரு. அவுரயே கேளு."

முன் சீட்டிலிருந்து இவர் திரும்பினார். "எந்தப் பாட்டு?"

"நம்ம கல்யாணத்துல, நான் வரச்சொல்ல போட்டாங்களே."

"பாட்டா போட்டாங்க? எனுக்கு அன்னிக்கு பசி. முந்தின நாள்லருந்து சோறு தரல, தாலி கட்டினாதான் சோறுன்னுட்டாங்க. நான் எல போட்டாச்சான்னு பாத்துக்கினு இருந்தேன்."

இந்த மனிதரிடம் சாட்சி கேட்டது என் தப்பு.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு ஊர் முழுக்கவா தப்பாகக் கேட்டிருக்கும்? சீர்ப் பாத்திரம் எடுக்கக் கள்ளக்குறிச்சி போனபோது, அந்த மைக்செட் பாயைத் தேடிக்கொண்டு போனேன். இப்போது அவருடைய மகன்கள் பந்தல், நாற்காலி, சீரியல் லைட் என்று வாடகைக்கு விடுகிறார்கள். பாய் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி பஞ்சாகிவிட்டது. ஊரைச் சொன்னதும், "புளியமரத்து வூடா?" என்று சரியாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"பாய், அந்தக் கொழல் பாட்ட கல்யாணத்துல போட்டீங்களே, அது எளவுப் பாட்டாமே. தெரிஞ்சிதான் போட்டீங்களா?"

பாய் டீக் கிளாஸை வாயிலிருந்து எடுத்தார். "அப்டியா?" என்றார்.

"படம் பாக்கலியா நீங்க?"

"நான் எங்கம்மா படம் பாத்தேன்? பொழுதுபோனா எவன் வூட்லயாச்சும் மரத்துமேல ஸ்பீக்கர் கட்டிக்கினு இருப்பேன். பாட்டு போட்டேனே தவுர, ஒரு படம் பாத்ததில்ல. அந்த ரெக்கார்டுக்கு ஒற வேற இல்ல, மழயில நனஞ்சி கிழிஞ்சி பூட்ச்சி. இன்னா படம்னே எனுக்கு தெரியாது."

"அப்பறம் எத வெச்சி அத எடுத்துப் போட்டீங்க?"

"அதுல மொதல்ல பாட மாட்டாங்க. வெறும் வாத்தியம், ரொம்ப நேரம். பொண்ணு பக்கத்து வூட்லருந்து நடந்து வந்து ஒக்கார்றதுக்கும் பாட்டு எடுக்கறதுக்கும் சரியா இருக்கும். வேற பாட்டுன்னா பொண்ணு பாதி வழில இருக்கச்சொல்லயே முடிஞ்சிடும், நான் ஓடி ஓடி முள்ள எடுத்து வெக்கணும்." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "அதுவுமில்லாம, அது நல்லாருக்கும்மா. நல்லாருக்கறத எங்க போட்டா இன்னா?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாத்தியம் வருகிற இடத்தை மட்டும் போடச் சொல்லலாம், பாடுவதற்கு முன்னால் நிறுத்திவிடச் சொல்லலாம். வார்த்தையே இல்லாவிட்டால் அதில் சாவு ஏது? நல்ல யோசனை. பாத்திரத்தைக் கடையிலேயே போட்டுவிட்டு, அப்படியே திருக்கோவிலூர் பஸ் ஏறிவிட்டேன். போகிற வழி முழுக்க என்ன சொல்லி அவள் வாயை அடைப்பது என்று மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சம்பந்தி கடையில் மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "இன்னா பெரியம்மா, தனியா வந்துக்கீறீங்க" என்றாள். உட்காரக்கூட இல்லை, பாய் கதையை முழுக்கச் சொல்லி முடித்தேன். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் கட்டிக்கொண்டே கேட்டாள். வாத்தியம் மட்டும் போதும் என்று நான் சொன்னதும் நார் அறுந்துபோயிற்று.

"அந்த வாத்தியந்தான் பெரியம்மா வேணாம்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

"கல்யாணம் ஆன புதுசுல, இங்க தேட்டருக்கு அந்தப் படம் மறுபடி வந்துச்சி. நானும் அவுரும் போனோம். அந்த சீன் வரச்சொல்ல கொட்டாய்ல எல்லாரும் அழுவறாங்க, மூக்க சிந்தறாங்க. இவுரு மட்டும் சீட்டு கைமேல தாளம் போட்டுக்கினு ஒக்காந்துருக்காரு. நான் நறுக்குனு கிள்ளினேன். 'ஏன்டி கிள்ற? செத்தவன் செத்துட்டான், கொழல கேளு'ன்னாரு. அதுக்கப்பறம் எப்பவும் அதேதான் வாய்ல. பூ மூட்ட எறக்கறப்பவும் அதான், சைக்கிள் மிதிக்கறப்பவும் அதான். பாடமாட்டாரு. அந்தக் கொழல் மட்டும் சீட்டி அடிப்பாரு."

கோயிலுக்கு வந்தவர்கள் யாரோ பூ கேட்டார்கள். முழம் அளந்து கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப எம் புள்ளைக்கு தவழற வயசு. அவுர எடுத்த அன்னிக்கு தெருவுல மைக்செட் கட்டினாங்க. எங்க ஊர் வழக்கம், அதத்தான் போடணும், போட்டாங்க. அவுரு சீட்டி அடிச்சதும் தெருவுல கேட்டதும் ஒண்ணாப் பூட்ச்சி. அப்பறம் நான் அத கேக்கவே இல்ல. பஸ்ல வந்தா எறங்கிடுவேன்."

நான் கொண்டுவந்த நியாயம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "வேணாம் கண்ணு" என்றேன். "ரயில் பாட்டே போடு. நல்லாத்தான் கீது அது."

"அது ஒண்ணும் ஒசத்தி இல்ல பெரியம்மா." அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அன்னிக்கு நிச்சயத்துல சும்மா சொன்னேன். நீங்க யாரும் அந்தப் பாட்ட எடுத்துடப் போறீங்களேன்னு, மொதல்ல வாயில வந்தத சொன்னேன். அவுரு பாட்டுலயே ஒசத்தி நீங்க சொன்னதுதான்."

நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பந்து மல்லியைத் தலையில் வைத்து அனுப்பினாள்.

கல்யாணத்தில் ரயில் பாட்டுதான் போட்டார்கள். என் பேத்தி தலையை நன்றாகத் தூக்கிக்கொண்டு, போட்டோக்காரன் சொன்ன இடத்தில் எல்லாம் நின்று நின்று, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். இவள் தன் கல்யாணத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டாள், பாட்டு இவளுக்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் காது அதைத் தேடியது. சும்மா சொல்லக்கூடாது, ரயில் பாட்டுக்கு எங்கள் ஊர்க்காரிகள் இரண்டு பேர் நாற்காலியிலேயே ஆடினார்கள். என் வீட்டுக்காரர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டால், "அன்னிக்கு விட்டத புடிக்கறேன்" என்றார்.

மறுவீட்டுக்கு மாப்பிள்ளையையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு சம்பந்தியும் எங்கள் ஊருக்கு வந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு. காரம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். அவள் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் திடீரென்று என் பேத்தியைக் கூப்பிட்டு, "ஏமா, அந்தக் கொழல் பாட்டு போன்ல இருந்தா போடு" என்றாள்.

"எதுக்கு இப்ப? வேணாம்" என்றேன் நான்.

"தாலி ஏறிட்ச்சி, சோறும் தின்னாச்சி. இனிமே போட்டா ஒண்ணும் தப்பில்ல. உங்க ஊர்ல ஒக்காந்து கேட்டா கல்யாணப் பாட்டா கேக்குதான்னு பாக்கறேன்."

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போனைப் பாய் நடுவில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

குழல் ஆரம்பித்தது. சம்பந்தி கண்ணை மூடவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர்கள் பேரம் பேசுவதைக் கேட்கிற மாதிரி கேட்டாள். வாத்தியம் எங்கள் வாசலில் ரொம்ப நேரம் போனது. பிறகு பாடினார்கள். முடிந்தது.

"இன்னா?" என்றேன்.

"எனுக்கு இன்னும் அவுருதான் வர்றாரு பெரியம்மா. உங்களுக்கு?"

"எனுக்கு கழுத்துல மால குத்துது. சம்பங்கி நாரு."

"அப்ப ரெண்டு பேருக்கும் மாறல."

"மாறல."

உள்ளே என் வீட்டுக்காரர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். சம்பந்தி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க" என்றாள்.